கண் அசரும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுவது ஏன்?

படுத்துச் சிறிது நேரம் ஆகியிருக்கும். நினைவு கழன்று, காதில் விழும் ஃபேன் சத்தம்கூட எங்கோ தூரத்தில் போயிருக்கும். திடீரென்று கால் ஒரு வெட்டு வெட்டும். சில நாள் உடம்பு முழுவதையும் தூக்கிப் போடும். படி தவறியது, கிணற்றுக்குள் விழுந்தது, கல் தடுக்கியது என்று ஒரு துண்டுக் கனவும் கூடவே வரும். விழித்தால் நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் "என்னாச்சு?" என்று எழுந்து உட்காருவார்.

மருத்துவர்கள் இதை ஹிப்னிக் ஜெர்க் என்பார்கள், ஸ்லீப் ஸ்டார்ட் என்றும் சொல்வதுண்டு. பத்துப் பேரில் ஆறேழு பேருக்காவது எப்போதாவது இது வந்திருக்கும் என்பது மருத்துவ நூல்கள் வழக்கமாகத் தரும் கணக்கு. ஆண், பெண், குழந்தை, முதியவர் என்ற பேதம் இதற்கில்லை. தூக்க நோய்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில்கூட இதை நோயாக எண்ணாமல் இயல்பில் வரும் ஒரு வேறுபாடு என்றே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இதை வலிப்பு என்றோ மாரடைப்பின் அறிகுறி என்றோ எண்ணி இரவெல்லாம் போனில் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இந்த வெட்டு யாருடைய உடலையும் கெடுப்பதில்லை. கெடுப்பது அதைப் பற்றிய பயம்தான். அதனால் உள்ளே நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு நாம் ஒரே நொடியில் போய்விடுவதில்லை. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்ஃபா அலைகள் ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவில் தெரியும். தூக்கம் வரவர அவை உடைந்து, 4 முதல் 7 வரையிலான தீட்டா அலைகள் இடம்பிடிக்கும். மூடிய இமைக்குள் கண்கள் பக்கவாட்டில் மெதுவாக உருளும். தாடை, கழுத்துத் தசைகளின் இறுக்கம் குறையும். என்1 எனப்படும் இந்த முதல் கட்டம் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். இரவு முழுத் தூக்கத்தில் இதன் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். இந்தக் கட்டத்தில் இருப்பவரை எழுப்பினால் "நான் தூங்கவே இல்லையே" என்று உறுதியாகச் சொல்வார். வெட்டு வருவது இந்த இடைவெளியில்தான். அடுத்த கட்டமான என்2 வந்து, அதற்கே உரிய ஸ்பிண்டில் அலைகள் தொடங்கிவிட்டால் அநேகமாக வராது.

மூளைத்தண்டின் நடுவில் ரெட்டிகுலர் ஃபார்மேஷன் என்று ஒரு நரம்பு வலை இருக்கிறது. 1949இல் ஜியுசெப்பே மொருஸி, ஹொரேஸ் மகூன் இருவரும் பூனைகளின் இந்தப் பகுதியில் மின்தூண்டல் கொடுத்தபோது, மந்தமாக இருந்த மூளை அலைகள் விழிப்பு நிலைக்குத் தாவின. நம்மை விழிப்பில் வைத்திருப்பதில் இந்த வலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் உள்ள ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இதற்கு எதிர்வேலை செய்கிறது. அது காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து விழிப்பு மையங்களை அடக்குகிறது. விழிப்பு மையங்களும் பதிலுக்கு அதை அடக்கும். சீசா பலகையின் இரு முனைகளைப் போல, ஒன்று எழும்போது மற்றது தாழும். இந்த அமைப்பை விளக்கிய அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் சேப்பர் குழுவினர் சொல்வதும் இதுவே: இரு முனைகளும் ஒன்றையொன்று அடக்குவதால், விழிப்பிலோ தூக்கத்திலோ நாம் நிலையாக இருக்க முடிகிறது. மாறும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் பலகை ஆடும்.

விழிப்பைப் பிடித்துவைத்திருக்கும் அதே ரெட்டிகுலர் பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் நரம்புப் பாதை ஒன்று இருக்கிறது. பட்டாசு வெடித்தால் நாம் திடுக்கிட்டு உடம்பைக் குறுக்குவது இந்தப் பாதை வழியாகத்தான். பலகை ஆடும் நேரத்தில் மேலே ஒரு கணம் விழிப்பு எழும்பினால், அந்தத் துடிப்பு கீழேயும் இறங்கிவிடுகிறது. கால், கை, முதுகு என்று பல தசைகள் ஒரே சமயத்தில் சுருங்குகின்றன. இன்று பெரும்பாலான தூக்க ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான். முழுமையாக நிரூபிக்கப்பட்ட முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் வெட்டின் நேரம், வேகம், அதோடு வரும் படபடப்பு எல்லாமே இதோடு பொருந்துகின்றன.

தசையில் மின்முனை வைத்துப் பதிவு செய்தால் ஒரு வெட்டு பொதுவாக 75 முதல் 250 மில்லிநொடி வரை நீடிக்கிறது. அதிகபட்சம் கால் நொடி. ஒன்றோடு நிற்கலாம், அடுத்தடுத்து இரண்டு மூன்று வரலாம். 1959லேயே பிரிட்டனின் இயன் ஆஸ்வால்ட் இதை ஈ.ஈ.ஜி. பதிவுகளோடு விரிவாக எழுதிவிட்டார்.

விழுகிற உணர்வு எல்லோருக்கும் வருவதில்லை. தசை இறுக்கம் குறைவதையும், உடம்பின் இருப்பைச் சொல்லும் உள்காதுச் செய்திகள் மங்குவதையும், திடீர் வெட்டையும் சேர்த்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் மூளை ஒரு சின்னக் கதை கட்டுகிறது என்று கொள்ளலாம். சிலருக்கு வெட்டே இருக்காது. தலைக்குள் வெடிச்சத்தம் போல ஒன்று கேட்கும், அல்லது மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் பளிச்சிடும். வலி இருக்காது. இதற்கு 'வெடிக்கும் தலை' என்று ஒரு பயங்கரமான பெயர் உண்டு, ஆனால் இதுவும் தீங்கற்றதே. வலி இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். வாழ்நாளில் அனுபவித்திராத கடுமையான தலைவலி நொடியில் வந்தால் அது வேறு விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வதையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்வார்கள். அதில் நினைவு இருக்கும், உடம்பு அசையாது. கனவுத் தூக்கத்தில் தசைகளைக் கட்டிவைக்கும் ஏற்பாடு விழித்த பிறகும் சில நொடிகள், சில நிமிடங்கள் விலகாமல் இருப்பதால் வருவது அது. தூக்கிப் போடுவதற்கு நேர் எதிரானது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை மறுத்தே ஆக வேண்டும். "தூங்கும்போது இதயம் நின்றுவிடுகிறது, நீங்கள் செத்துவிட்டீர்களா என்று சோதிக்க மூளை உலுக்குகிறது" என்பது அந்தச் செய்தி. தூக்கம் தொடங்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சில துடிப்புகள் குறையும், மூச்சு மெதுவாகும். நடப்பது அவ்வளவுதான், எதுவும் நிற்பதில்லை. நீங்கள் உணரும் படபடப்பு வெட்டுக்குக் காரணமல்ல, வெட்டோடு வந்த விழிப்பின் விளைவு. மரத்தில் தூங்கிய ஆதிக் குரங்குகள் கீழே விழாமலிருக்க வந்த அனிச்சைச் செயலின் மிச்சம் என்ற விளக்கமும் பிரபலம். கேட்க நன்றாக இருக்கிறது, சோதித்துப் பார்க்க வழி இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கும்போது தலை சட்டென்று தொங்கி, உடனே நிமிர்வது இதிலிருந்து சற்று வேறானது. அங்கே கழுத்துத் தசை தளர்ந்து தலை உண்மையாகவே விழுகிறது. கழுத்துத் தசை இழுபடுவதும் உள்காது அதை உணர்வதும் சேர்ந்து எழுப்பிவிடுகின்றன. பயணிக்கு இது ஒன்றுமில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு இது நடந்தால் அவர் ஏற்கெனவே தூங்கிவிட்டார் என்று பொருள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் அசந்தால் வண்டி ஏறக்குறைய 67 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் போயிருக்கும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எதுவும் பயன்படாது. ஓரங்கட்டி 15-20 நிமிடம் தூங்குங்கள். தூங்குவதற்கு முன் ஒரு காபி குடிக்கலாம், அது வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம்போல ஆகும், எழும்போது கைகொடுக்கும்.

எப்போதாவது வருகிற வெட்டு சிலருக்கு வாரக்கணக்கில் தினமும் ஏன் வருகிறது? பெரும்பாலும் சீசாவின் இரு முனையிலும் ஒரே சமயத்தில் எடை ஏறியிருக்கும். ஒரு பக்கம் தூக்கக் கடன், அதாவது தூங்காமல் விட்டுச் சேர்ந்துபோன தூக்கம், இன்னொரு பக்கம் விழிப்பைத் தூண்டும் ஏதோ ஒன்று. தேர்வு நேரத்தில் நான்கு, ஐந்து மணி நேரம் தூங்கும் மாணவர், ஷிப்ட் மாறிமாறிப் பார்க்கும் நர்ஸ், கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாய், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கவலையில் இருப்பவர், இவர்களுக்கு இது அதிகம். தூக்கம் பிடித்து இழுக்கும், மனம் விழிப்பை விடாது. என் கணிப்பில், வந்துகொண்டே இருக்கும் வெட்டுக்கு முதலில் தேட வேண்டிய காரணம் இந்தத் தூக்கக் கடன்தான். பலர் அதை விட்டுவிட்டு வைட்டமின் மாத்திரையிலிருந்து தொடங்குகிறார்கள்.

அடுத்தது காபி, டீ. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. ஆனால் தூக்கத்தைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதோடு எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். உடம்பில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் உள்ள ஃபில்டர் காபி குடித்தால் இரவு 11 மணிக்கு 50 மில்லிகிராம் மிச்சமிருக்கும். ஒரு இன்ஸ்டன்ட் காபி குடித்துவிட்டு உடனே படுப்பதற்குச் சமம். "எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வருமே" என்பவர்களுக்குத் தூக்கம் வரும்தான். ஆனால் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது.

கஃபீன் வெளியேறும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் மிகவும் மெதுவாகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுக்கும். புகைபிடிப்பவர்களுக்கு வேகமாக வெளியேறும். அதனால் சிகரெட்டை நிறுத்தியவர், அதே காபியைத் தொடர்ந்தால், ரத்தத்தில் கஃபீன் அளவு ஏறிவிடும். சிகரெட்டை விட்டதால் தூக்கம் கெட்டது என்று நினைப்பவர்களில் சிலருக்குக் காரணம் காபிதான். சில தலைவலி, சளி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு, அட்டையின் பின்னால் பாருங்கள்.

குறைக்கும்போது ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, எரிச்சல், சோர்வு வரும், ஒரு வாரம்வரை கூட நீளும். முதலில் மாலைக் காபியை மதியம் 1 மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் டம்ளர் குறையுங்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது. அதனால் தூள் வாங்கும்போது சிக்கரி விகிதத்தைக் கூட்டுவது ருசி முழுவதும் போகாமல் கஃபீனைக் குறைக்கும் எளிய வழி. 80:20 வாங்குகிறவர் 60:40க்கு மாறினால் அதே அளவு தூளில் கஃபீன் கால்பங்கு குறையும்.

நிகோடின் விழிப்பைத் தூண்டும் பொருள், படுக்கும் முன் பிடிக்கும் சிகரெட் மனதுக்கு ஓய்வு தருவதுபோல் தோன்றினாலும் உடம்பை எழுப்பிவிடும். இரவு 9 மணிக்கு ஜிம், பேட்மின்டன் என்று மூச்சு வாங்க ஆடிவிட்டு 10:30க்குப் படுப்பதும் அப்படித்தான். கடும் பயிற்சிக்கும் படுக்கைக்கும் இடையே 2-3 மணி நேரம் விடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் நடப்பதில் தவறில்லை. மது சீக்கிரம் தூங்க வைத்துப் பின்னிரவைக் கலைக்கும். தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வெட்டும் தனி விஷயம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

மருந்துகளில் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்கிய பின் வெட்டு கூடுவதுண்டு. அப்படியானால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோ அவரால் முடியும்.

பயம் எப்படி இதைப் பெருக்குகிறது என்பதற்கு வருகிறேன். ஒருநாள் பலமாக ஒரு வெட்டு. மறுநாள் படுக்கும்போதே "இன்றும் வருமோ" என்று உடம்பைக் கவனிக்கத் தொடங்குகிறார். கவனிப்பதே விழிப்பு மையத்துக்குத் தீனி. தூக்கம் தள்ளிப்போகிறது, கடன் ஏறுகிறது, பலகை இன்னும் ஆடுகிறது, வெட்டு நிஜமாகவே வருகிறது. நான்கைந்து நாளில் படுக்கையைப் பார்த்தாலே பதற்றம். இந்தக் கட்டத்தில் அவருக்கு இருப்பது தூக்கமின்மை, வெட்டு அதன் ஒரு பகுதி மட்டும். மருந்தைவிடப் பழக்கம்தான் இங்கே உதவும்.

தூக்கிப் போட்டதும் நாடி பிடித்துப் பார்க்காதீர்கள், மணி பார்க்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். புரண்டு படுத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு, சில முறை விடுங்கள். 20 நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: கடைசிக் காபி எத்தனை மணிக்கு, படுத்தது, எழுந்தது, வெட்டு வந்ததா இல்லையா. இரவில் எழுத வேண்டாம், காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒன்றை மாற்றி ஒரு வாரம் பார்த்தால், உங்களுக்குக் காரணம் எது என்று தெரிந்துவிடும். மெக்னீசியம் மாத்திரை இதைத் தீர்க்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் தேங்கி ஆபத்தாகவும் ஆகலாம்.

தூக்கத்தோடு வரும் எல்லா அசைவும் ஹிப்னிக் ஜெர்க் ஆகாது. வேறுபடுத்த எப்போது, எத்தனை முறை, உடம்பில் எங்கே என்ற மூன்று கேள்விகள் போதும்.

மாலையில் ஓய்வாக உட்கார்ந்தாலே காலுக்குள் ஊறுவது போல, இழுப்பது போல இருந்து, ஆட்டினால்தான் நிம்மதி என்றால் அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். இரும்புச் சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அளவுக்குக் கீழே இருந்தாலே இந்த நோயில் இரும்பு கொடுப்பதை மருத்துவர்கள் யோசிப்பார்கள். நன்றாகத் தூங்கிய பிறகு, 20-40 நொடிக்கு ஒருமுறை கால் பெருவிரலும் கணுக்காலும் மேல்நோக்கி மடங்கி விரிவது இன்னொன்று. தூங்குகிறவருக்கு அது தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்வார். பின்னிரவில் கனவில் நடப்பதைப் போலவே கத்துவதும் அடிப்பதும் உதைப்பதும், குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு, நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது. பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கலாம். சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குப் பகலிலும் கை உதறல் வந்தால் தாமதிக்கக் கூடாது.

வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை வெட்டி, டூத்பிரஷ் பறக்கிறது, டம்ளர் கைநழுவி விழுகிறது, முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் அதிகம் என்றால், அது ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்ற வலிப்பு வகையாக இருக்கலாம். "கவனம் எங்கே போச்சு" என்று திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். முழு வலிப்பு ஒன்று வந்த பிறகுதான் பல வீடுகளில் இது கண்டுபிடிக்கப்படுகிறது. கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மருந்துகள் இந்த வகையில் வெட்டை அதிகமாக்கும். அதனால் நரம்பியல் மருத்துவரிடமே போங்கள், காலை வெட்டுகளை மறக்காமல் சொல்லுங்கள்.

பிறந்த சில நாள், சில வாரக் குழந்தைக்குத் தூக்கத்தில் மட்டும் கைகால் தாளமாக வெட்டி, எழுப்பியதும் சட்டென நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தீங்கற்றது, சில மாதங்களில் போய்விடும். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், பிடித்தால் கூடும். ஆனால் 3 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் உள்ள குழந்தை, தூங்கி எழும் நேரத்தில், தலை கவிழ்ந்து கைகள் விரிந்து குறுகுவது சில நொடிக்கு ஒருமுறை என்று வரிசையாக வந்தால் அதை வயிற்று வலி என்றோ உரம் விழுந்தது என்றோ விட்டுவிடாதீர்கள். அது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கையில் வீடியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் படுப்பவரிடம் சொல்லி, முகமும் கைகாலும் ஒரே சட்டத்தில் தெரியும்படி, போர்வையை விலக்கி, குறைந்தது இரண்டு நிமிடம் எடுக்கச் சொல்லுங்கள். நேரம் திரையில் பதிவானால் நல்லது. வெட்டு வந்தபோது கூப்பிட்டால் பதில் சொன்னாரா, நாக்கைக் கடித்தாரா, படுக்கையில் சிறுநீர் போனதா, பிறகு குழப்பமாக இருந்தாரா என்பதையும் அவர் சொல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாமல், கண் அசரும் நேரத்தில் மட்டும் ஒன்றிரண்டு வெட்டு என்றால் ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. தூக்கமே பிடிக்காத அளவுக்கு இரவில் பலமுறை வருகிறவர்களுக்கு மருத்துவர் சிறிய அளவில் குளோனசெபாம் எழுதுவதுண்டு. பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை அது, வயதானவர்களைக் கழிவறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழ வைக்கும், குறட்டையோடு மூச்சு தடைபடுகிறவர்களுக்கு அதை மோசமாக்கலாம். தெரிந்த மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.